ஓம்னி வேனை ஜோடிக்கப் போறீங்களா? கட்டரை எடுக்கும் முன்னாடி ஆர்.சி. புக்கை எடுங்க!

விருதுநகர்:

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சூலக்கரை நாற்கரச் சாலை ஓரத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். மதுரை பக்கமிருந்தும் சாத்தூர் பக்கமிருந்தும் வருகிற வண்டிகளில் ஏதாவது ஒரு ஓம்னியோ, குட்டி யானையோ கண்ணைப் பறிக்கும். முன் கண்ணாடியில் குலசாமி பேர். பின்னாடி சிங்கம் ஸ்டிக்கர். வண்டிக்கு அடியில் நீல கலர் லைட். உள்ளே 'டம்டம்' என்று ஊபர் சத்தம். சின்ன வண்டிதான், ஆனால் வர்ற வரத்து திருவிழா தேர் மாதிரி இருக்கும்.

வாங்கிய வண்டியை அழகு பண்ணணும், நாலு பேர் திரும்பிப் பார்க்கணும் என்ற ஆசை யாரையும் விடுவதில்லை. வாடகை ஓட்டுபவர், டீ வியாபாரம் பண்ணுபவர், பட்டறையில் வேலை பார்க்கும் பையன் என்று எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. செல்போனில் கார் ஷோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 'நம்ம வண்டியையும் அப்படி பண்ணி ஒரு ஷோவுக்கு கொண்டு போனா என்ன?' என்று கேட்கிறவர்களும் அதிகமாகி விட்டார்கள்.

பண்ணலாம். தாராளமா பண்ணலாம். ஆனால் எதை அழகு பண்ணலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரியாமல் இறங்கினால் காசும் போகும், வண்டியும் போகும். உயிருக்கும் ஆபத்து வரலாம். அதை விளக்குவதுதான் இந்த கட்டுரை.

குட்டி ஜப்பானில் ஓடும் ஜப்பான் வண்டி

சிவகாசியை 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாக ஊரெல்லாம் சொல்வார்கள். அந்த குட்டி ஜப்பானில் ஓடும் ஓம்னியும் ஜப்பான் பிள்ளைதான். சுசுகி கம்பெனி 1979-ல் ஜப்பானில் இறக்கிய 'கேரி' என்ற சின்ன வேன்தான் இதன் மூலம். மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. அடுத்த வருஷமே, 1984-ல், 'மாருதி வேன்' வந்துவிட்டது. 1988-ல் அதற்கு 'ஓம்னி' என்று பேர் வைத்தார்கள்.

மூணு சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். அதுவும் முன் சீட்டுக்கு அடியில். நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.4 மீட்டர். 12 இஞ்ச் சக்கரம். பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். பின்னாடி பட்டை ஸ்பிரிங். தள்ளித் திறக்கிற கதவு. பாகிஸ்தானிலும் இதே வண்டி 'போலான்' என்ற பேரில் 2024 வரை ஓடியது. அங்கே மக்கள் வைத்த செல்லப் பேர் 'கேரி டப்பா'.

நம் ஊரில் இந்த டப்பா பார்க்காத வேலை இல்லை. பள்ளிக்கூட பிள்ளைகளை ஏற்றியது. ஆம்புலன்ஸ் ஆனது. சினிமாவில் ஆள் கடத்தியது. பின் கதவைத் தூக்கினால் பிரியாணி கடை, தோசைக் கடை ஆனது. சீட்டைக் கழற்றினால் துணி மூட்டை ஏறியது. உள்ளே பெரிய காலி இடம், விலை கம்மி, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். அதனால்தான் ஜோடிக்கிறவர்கள் இதைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

2019-ல் ஓம்னி உற்பத்தி நின்று போனது. மோதல் பாதுகாப்பு பற்றி மத்திய அரசு கொண்டுவந்த புது விதிகளுக்கு இந்த பாடி ஈடு கொடுக்காது என்பதுதான் காரணம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிக்கு மூக்கு கிடையாது. முன்னாடி மோதினால் டிரைவர் முட்டிக்கும் எதிர் வண்டிக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அந்த தகரத்தையும் வெட்டினால் என்ன மிஞ்சும்?

குட்டி யானை என்கிற டாடா ஏஸ் 2005-ல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், 16 குதிரை சக்தி. சந்து பொந்தில் எல்லாம் நுழைந்து லோடு இறக்கியதால் அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

கார் ஷோ என்றால் என்ன?

நமக்கு தெரிந்த பழைய கார் ஷோ ஆயுத பூஜைதான். வண்டியை அலசி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கி, வரிசையாக நிறுத்துவோம். யார் வண்டி பளபளப்பு என்று பார்த்துவிட்டுத்தான் பொரியை வாயில் போடுவோம். ஷோவும் அதுதான். கொஞ்சம் பெரிய மைதானம், அவ்வளவே.

ஜப்பானில் 'டோக்கியோ ஆட்டோ சலோன்' என்று ஒரு ஷோ 1983-ல் ஆரம்பித்தது. இப்போதும் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. கோடி ரூபாய் ரேஸ் கார் நிற்கும் அதே மண்டபத்தில் ஓம்னியின் அண்ணன் தம்பிகளான சின்ன வேன்களும் நிற்கும். ஆட்டோமொபைல் காலேஜ் பசங்கள் தங்கள் கையாலேயே தட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கொண்டு வந்து நிறுத்துவார்கள். லாரியை விளக்கால் அலங்கரிக்கும் 'டெகோடோரா' பழக்கமும் அங்கே உண்டு. 1975-ல் வந்த ஒரு லாரி டிரைவர் சினிமாவுக்குப் பிறகு அது காட்டுத்தீ மாதிரி பரவியது.

ஆனால் ஒரு விஷயம். ஜப்பானிலும் இஷ்டத்துக்கு வெட்டிவிட்டு ரோட்டில் ஓட்ட முடியாது. 'ஷாகென்' என்று ஒரு சோதனை. கிட்டத்தட்ட நம்ம எப்.சி. மாதிரி. சொந்த காருக்கும் புதுசில் மூணு வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அதில் பாஸ் ஆகாத வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது. பெரிய மாற்றம் பண்ணினால் அதைக் காட்டி அரசாங்க பதிவில் ஏற்ற வேண்டும்.

நம் நாட்டில் ஷோ என்றால் பெரும்பாலும் பழைய கார்கள்தான். டெல்லியில் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை நடத்தும் பழைய கார் பேரணி 1964-ல் தொடங்கியது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி சங்கங்கள் இருக்கின்றன. கோவையில் ஜி.டி.நாயுடு பேர் சொல்லும் கார் மியூசியம் இருக்கிறது. இதுபோக என்ஜினியரிங் காலேஜ் விழாக்களில் 'ஆட்டோ எக்ஸ்போ' என்று மைதானத்தில் வண்டிகளை நிறுத்துவார்கள். சின்ன வண்டிக்காரர்களுக்கு இதுதான் முதல் வாசல்.

வேனை உருமாற்றுவது தென்னாட்டுக்கு புதுசும் இல்லை. 1983 ஆந்திர தேர்தலுக்கு என்.டி.ராமராவ் ஊர் ஊராகப் போனது ஒரு பழைய செவ்ரோலே வேனில். அதை மாற்றிக் கட்டி 'சைதன்ய ரதம்' என்று பேர் வைத்தார்கள். அதிலேயே தூங்கி, அதன் மேலேறிப் பேசி, முதல்வரும் ஆனார். இன்றும் தேர்தல் வந்தால் கோவை பட்டறைகளில் பிரசார வேன்கள் தயாராகும். அந்த வேன்களும் மோட்டார் வாகன சட்டத்துக்கு உட்பட்டுத்தான் மாற்றப்பட வேண்டும் என்பது தேர்தல் கமிஷன் விதி. தலைவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு?

எல்லாம் ஆர்.சி. புக்கில் இருக்கு

சட்டம் என்ன சொல்லுது? 1988-ம் வருஷ மோட்டார் வாகன சட்டம், 52-வது பிரிவு. கம்பெனி என்ன விவரத்தோடு வண்டியை விற்றதோ, ஆர்.சி.யில் என்ன பதிவாகி இருக்கிறதோ, அது மாறுகிற மாதிரி எதையும் பண்ணக்கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதையே அடித்துச் சொல்லி விட்டது.

அதே வருஷம் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. கவனியுங்கள், 'ஒவ்வொரு' மாற்றத்துக்கும். நாலு இடத்தில் கை வைத்திருந்தால் 20 ஆயிரம்.

அதனால் வேலையைத் தொடங்கும் முன் ஆர்.சி.யை எடுத்து ஒரு தடவை படியுங்கள். அதில் என்ன இருக்கும்? நிறம், சீட் எண்ணிக்கை, எரிபொருள், என்ஜின் நம்பர், சேஸ் நம்பர், சி.சி., பாடி வகை, எடை, வீல்பேஸ். இந்த பட்டியலில் இருக்கும் எதையும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்காமல் தொடாதீர்கள்.

நிறம் மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் முதலில் அனுமதி வாங்கணும். பிறகுதான் பெயிண்ட். முடிந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, புது நிறத்தை ஆர்.சி.யில் ஏற்றணும். வண்டி டிஎன் 67 என்றால் விருதுநகர், டிஎன் 95 என்றால் சிவகாசி, டிஎன் 84 என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ். வண்டி முழுக்க வேறு நிறத்தில் ஸ்டிக்கர் சுற்றுவதும் நிறம் மாற்றுவதாகத்தான் பார்க்கப்படும். ஓரத்தில் இரண்டு கோடு, ஒரு படம் ஒட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கூரையை வெட்டுவது, கதவை எடுப்பது, பின்பக்கத்தை நீட்டுவது, 5 சீட்டு ஆர்.சி.யில் 8 சீட்டு போடுவது, பெரிய என்ஜின் மாட்டுவது... இதெல்லாம் நேரடி குற்றம். வேனை படுக்கை, அடுப்போடு கேரவன் ஆக்குவதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனி தர விதி இருக்கிறது. பட்டறையில் பிளைவுட் அடித்து கேரவன் என்று ஓட்ட முடியாது.

ஆர்.சி.யில் இல்லாத சில சாமான்களுக்கும் தனித்தனி விதி உண்டு.

கண்ணாடி: கறுப்பு பிலிம் கூடாது என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் கடக்கணும்.

முன் பம்பர் கம்பி: பார்க்க கம்பீரம்தான். ஆனால் நடந்து போகிறவர் மேல் பட்டால் ஆள் காலி. இதை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது.

ஹாரன்: ஏர் ஹாரன், பல ராக ஹாரன், சைரன் எதுவும் கூடாது.

நம்பர் பிளேட்: 2019 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட்தான். எழுத்தை வளைத்து நெளித்து எழுதுவது பழைய வண்டிக்கும் தப்பு.

சென்னையில் 2024 மே மாதம் 'போலீஸ்', 'டாக்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. அதில் 'பிரஸ்' ஸ்டிக்கரும் அடக்கம். எங்களுக்கும் சேர்த்துத்தான்!

வேலையை எங்கே ஆரம்பிக்கணும்?

பழைய ஓம்னி வாங்குகிறவர் முதலில் ஓடுவது ஸ்டிக்கர் கடைக்கு. அது தப்பு. வரிசை இதுதான்.

முதலில் பிரேக், டயர், ஸ்டீயரிங். ஷோவுக்கு போவதே ரோட்டில்தானே? பிரேக் பிடிக்காத வண்டிக்கு பெயிண்ட் எதுக்கு?

இரண்டாவது துரு. ஓம்னிக்கு துரு வரும் இடம் எல்லோருக்கும் தெரியும். தள்ளுகதவு ஓடும் தடம், தரை மேட்டுக்கு அடி, சக்கர வளைவு, கண்ணாடி ரப்பருக்கு கீழ். மேட்டைத் தூக்கிப் பாருங்கள். துரு மேலேயே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்கூட தாங்காது. கொப்புளம் கிளம்பும். துருப்பிடித்த தகரத்தை எடுத்துவிட்டு புது தகரம் வைத்து வெல்டிங் பண்ணணும். பிறகுதான் பட்டி, பிரைமர், கடைசியில் கலர். வெல்டிங் பண்ணும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கம் என்றால் டேங்கையே இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது சக்கரம். அலாய் வீல் போடலாம். ஆனால் டயரோட மொத்த உயரம் பழைய டயர் உயரத்திலேயே இருக்கணும். உயரம் கூடினால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். 60-ல் போவதாக முள் காட்டும், வண்டி அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். டயர் அகலமாகி பாடிக்கு வெளியே துருத்தினால் பக்கத்தில் போகும் பைக்காரருக்கு ஆபத்து.

வண்டியைத் தாழ்த்துகிறேன் என்று முன் ஸ்பிரிங்கை வெட்டுவது, பின் பட்டையில் இரண்டைக் கழற்றுவது வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் வேகத்தடையில் அடி தட்டும். ஆள் ஏறினால் அச்சு பாடியில் இடிக்கும். வளைவில் வண்டி துள்ளும். குட்டி யானைக்காரர்கள் இதற்கு நேர் எதிராக, அதிக லோடு ஏற்ற பட்டையை கூட்டுகிறார்கள். பட்டை தாங்கும், பிரேக் தாங்காது.

நான்காவது உள்பக்கம். சீட் கவர், மேல் துணி, தரை மேட், மர வேலை. ஷோவில் ஜனங்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது இதைத்தான். உள்ளூர் குஷன் கடைக்காரர் கையிலேயே நல்ல வேலை இருக்கிறது. ஆர்.சி.யும் கெடாது. காசை இங்கே போடுங்கள். ஆனால் எளிதில் தீப்பிடிக்கிற ஸ்பாஞ்சு, சாட்டின் துணியை என்ஜின் மூடி பக்கம் கொண்டு போகாதீர்கள். ஓம்னியில் என்ஜின் சீட்டுக்கு அடியில் கொதித்துக்கொண்டு இருக்கிறது.

நடு ரோட்டில் புகை: நிருபரின் சொந்த அனுபவம்

இதை எழுதும் நிருபருக்கும் ஒரு ஓம்னி ஆசை இருந்தது. பழைய வண்டிதான். இரண்டாம் கையில் வாங்கி, ஒரு கடையில் கொடுத்து, கம்பெனி பல்புக்கு பதில் 100 வாட்ஸ் பல்பு, கூரை சுற்றி எல்.இ.டி. பட்டை, ஒரு ஆம்ப்ளிபயர் எல்லாம் மாட்டியாச்சு. பார்க்க ஜம்முனு இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மனை கும்பிட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்கு திரும்பிக்கொண்டு இருந்தோம். வண்டிக்குள் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். சூலக்கரை தாண்டுவதற்குள் ஹெட்லைட் மங்கியது. ஸ்டீயரிங் பக்கம் பிளாஸ்டிக் கருகும் நாத்தம். அடுத்த நிமிஷம் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்து புகை. ஓரம் கட்டி, பிள்ளைகளைத் தூக்கி வெளியே போட்டு, பேட்டரி ஒயரைப் பிடுங்குவதற்குள் கை பொசுங்கி விட்டது. பின்னாடி பைக்கில் வந்த ஒருத்தர் ரோட்டோர மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். தள்ளுகதவு அன்னைக்கு சிக்கியிருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வராது.

மறுநாள் பிரித்துப் பார்த்த எலக்ட்ரீசியன் காட்டியது இதுதான். பழைய பல்பு 60 வாட்ஸ். 12 வோல்ட்டில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் கரண்ட் போகும். ஒயர், சுவிட்ச் எல்லாம் அந்த அளவுக்குத்தான். 100 வாட்ஸ் இரண்டு போட்டால் 17 ஆம்பியர். கரண்ட் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை. ஆனால் ஒயரில் ஏறும் சூடு கிட்டத்தட்ட மூணு மடங்கு. கூடவே 500 வாட்ஸ் இழுக்கும் ஆம்ப்ளிபயர் என்றால் அது தனியாக 40 ஆம்பியருக்கு மேல் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே ஒயரில் முறுக்கி, டேப் சுற்றி, பியூஸ் இல்லாமல் விட்டிருந்தார்கள்.

பட்டாசு ஊர்க்காரர்கள் நாம். ஒரு பொறி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் செருப்புக்கூட போடாமல் போகிற ஆள், தன் வண்டியில் மட்டும் ஒயரை பல்லால் கடித்து முறுக்குவது என்ன நியாயம்?

என்ன செய்யணும்? கம்பெனி வாட்ஸ் பல்பையே போடுங்கள். எந்த புது சாமானுக்கும் பேட்டரியில் இருந்து தனி ஒயர். பேட்டரிக்கு பக்கத்திலேயே பியூஸ். சுவிட்சுக்கு நேரடியாக கரண்ட் கொடுக்காமல் ரிலே வைத்து கொடுக்கணும். ஒயர் தகரத்தைத் துளைத்து போகும் இடத்தில் ரப்பர் வளையம். ஒரு சின்ன தீயணைப்பு சிலிண்டர் டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில். பெரிய செலவில்லை. என் பிள்ளைகள் அன்றைக்கு பிழைத்தது அந்த பைக்காரர் புண்ணியம். எல்லோருக்கும் பைக்காரர் வரமாட்டார்.

சமையல் சிலிண்டர்: வெடிகுண்டு

ஓம்னியில் எல்.பி.ஜி. கேஸ் ஓட்டலாம். அங்கீகாரம் பெற்ற கிட், வண்டிக்கு என்று செய்த டேங்க், ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம், காலத்துக்கு காலம் டேங்க் சோதனை... இவ்வளவும் இருந்தால் குற்றமில்லை. வீட்டு சமையலுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரில் இருந்து மோட்டார் வைத்து ஏற்றுவதும், அந்த சிலிண்டரையே டிக்கியில் வைத்து ஓட்டுவதும்தான் பெரிய ஆபத்து. கேஸ் காற்றைவிட கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாக தேங்கி நிற்கும். அங்கே எல்.இ.டி. சுவிட்ச் ஒரு பொறி விட்டால் போதும். ஷோவுக்கு போகிற வண்டியில் இதை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நிறுத்துவது கொலைக்கு சமம்.

இன்சூரன்ஸ் கைவிடும்

'இன்சூரன்ஸ் இருக்குல்ல, பார்த்துக்கலாம்' என்பார்கள். வண்டியில் என்ன மாட்டியிருக்கிறோம் என்று கம்பெனிக்கு சொல்லாவிட்டால், வண்டி எரிந்தால் காசு வராமல் போகலாம். அனுமதியில்லாத மாற்றம்தான் விபத்துக்கு காரணம் என்று தெரிந்தால் நம் வண்டி சேதத்துக்கு கை விரித்துவிடுவார்கள்.

சொல்லிவிட்டால் பெரிய செலவு இல்லை. மியூசிக் சிஸ்டம் மாதிரி எலக்ட்ரிக் சாமான்களுக்கு அதன் விலையில் 4 சதவீதம் கூடுதல் பிரிமியம் என்பதுதான் பொதுவான கணக்கு. 10 ஆயிரம் ரூபாய் சாமானுக்கு வருஷம் 400 ரூபாய், வரி தனி. மாசம் 35 ரூபாய்கூட இல்லை. பில்லை பத்திரமாக வைத்திருங்கள்.

கண்ணூரில் நடந்தது

சட்டத்தை விளையாட்டாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பக்கத்து மாநிலத்தில் ஒரு உதாரணம். 'இ புல் ஜெட்' என்று யூடியூப் சேனல் நடத்தும் கேரள சகோதரர்கள் இருவர், ஒரு டிராவலர் வேனை கேரவன் மாதிரி மாற்றி 'நெப்போலியன்' என்று பேர் வைத்து ஊர் சுற்றினார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். 2021 ஆகஸ்டில் கண்ணூர் மோட்டார் வாகன துறை அந்த வேனைப் பிடித்தது. அனுமதியில்லாத மாற்றம், கூடுதல் விளக்கு என்று 42 ஆயிரம் ரூபாய் அளவுக்கு அபராதம் போட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் அவர்கள் தகராறு செய்ததால் கைதும் ஆனார்கள். பிறகு வேனின் பதிவே 6 மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

ரசிகர்கள் குவிந்து கூச்சல் போட்டும் எதுவும் நடக்கவில்லை. வண்டி ஷெட்டில் நின்றது. லட்சம் பேர் கைதட்டினாலும் ஆர்.சி.யில் ஒரு எழுத்து மாறாது.

ஷோவுக்கு கொண்டு போவது எப்படி?

மைதானத்துக்குள் காட்டுவது வேறு, ரோட்டில் ஓட்டுவது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தவர் தப்பித்தார்.

ரோட்டில் அனுமதி இல்லாத அலங்கார விளக்கு, கூரை மேல் ஜோடனை, பேனர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யுங்கள். போல்ட்டு நட்டில் நிற்கட்டும், வெல்டிங் வேண்டாம். ஷோ அன்றைக்கு வண்டிக்குள் மூட்டை கட்டி எடுத்துப் போங்கள். மைதானத்தில் மாட்டுங்கள். முடிந்ததும் கழற்றிவிட்டு கிளம்புங்கள்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகை சான்றிதழ், குட்டி யானை என்றால் எப்.சி., பெர்மிட்டும் கையில் இருக்கணும். 8 வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. என்பதை மறக்காதீர்கள். சொந்த ஓம்னிக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யை புதுப்பித்தே ஆகணும். 2022 ஏப்ரல் முதல் அந்த கட்டணம் 600-ல் இருந்து 5 ஆயிரம் ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ஆக்கி விட்டார்கள். ஜோடிப்பதற்கு ஒதுக்கும் காசில் இதை முதலில் எடுத்து வையுங்கள்.

ஷோவில் நடுவர்கள் பார்ப்பது சத்தத்தை இல்லை. பெயிண்டில் அலை அடிக்குதா, கதவு இடைவெளி ஒரே அளவா, ஒயர் ஒழுங்கா கட்டியிருக்கா, என்ஜின் பக்கம் சுத்தமா என்றுதான் குனிந்து பார்ப்பார்கள். பழைய கார் பேரணிகளில் இன்னொன்று. கம்பெனியில் இருந்து வந்தபடியே எவ்வளவு மிச்சம் இருக்கோ, அவ்வளவு மார்க்.

2034-ல் பொக்கிஷம்

கடைசியாக ஒரு சேதி. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமை வண்டிகளுக்கு தனி பதிவு முறை கொண்டு வந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் ஆன சொந்த உபயோக வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். கட்டணம் 20 ஆயிரம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டு போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை. சேஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1984-ல் வந்த முதல் மாருதி வேனுக்கு 2034-ல் வயசு 50. சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த வேன்களை நம் அப்பாக்கள் சர்வ சாதாரணமாகப் பார்த்தார்கள். இன்று ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். ஓம்னிக்கும் அந்த நிலை வரும். அன்றைக்கு வெட்டாமல், குத்தாமல் வைத்திருக்கும் வண்டிக்குத்தான் மதிப்பு. கூரையை வெட்டிய வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

ஆகவே ஞாபகம் வைக்க மூணே விஷயம். ஆர்.சி.யில் இருப்பதை அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். பியூஸ் இல்லாமல் ஒரு ஒயர்கூட இழுக்காதீர்கள். மாட்டிய சாமானை இன்சூரன்சுக்கு சொல்லுங்கள். மீதி எல்லாம் உங்கள் கைவண்ணம். குலசாமி பேரை பெரிசா எழுதுங்க, சீட்டுக்கு சிவப்பு ரெக்சின் போடுங்க, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டி நிறுத்துங்க. ஊரே பார்க்கட்டும். ராத்திரி பிள்ளைகளோடு பத்திரமா வீடு வந்து சேருங்க!